செம்பு பாய்லரில் தேங்காய் மட்டை போட்டால் புகை திரும்புகிறது

மட்டையைத் தாராளமாக எரிக்கலாம், ஆனால் தீ எரியும் நடுக்குழாய் நிறையத் திணிக்கக் கூடாது. விறகிலிருந்து மட்டைக்கு மாறியதும் புகை கீழ்வாய் வழியாக வருகிறது, தண்ணீரும் சூடேறவில்லை என்கிறீர்கள். பாய்லர் கெட்டிருக்காது, மட்டையில் ஈரம் இருக்கும். நாருக்கு நடுவே உள்ள தூள் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்து தெரிவதை நம்பாதீர்கள்.

இப்படிச் சோதியுங்கள்:

1. ஆறிய பாய்லரில் சாம்பலை வாரிவிட்டு, மேலிருந்து குழாய்க்குள் பாருங்கள். அடிக்கம்பி இடுக்கில் வெளிச்சம் தெரிய வேண்டும்.

2. நாலைந்து கொட்டாங்குச்சி மட்டும் போட்டுப் பற்றவையுங்கள். புகை மேலே போனால் குற்றம் மட்டையுடையது. கீற்றாகக் கிழித்து இன்னும் சில நாள் வெயிலில் போடுங்கள். கொட்டாங்குச்சிக்கும் புகை திரும்பினால் குழாயில் கரி அடைத்திருக்கிறது, சுரண்டி எடுங்கள்.

ஒன்று கவனம். கொட்டாங்குச்சி நன்றாகக் காந்தும். தண்ணீர் குறைந்தால் பாய்லரில் உலோகம் உருக்கி ஒட்டிய மூட்டு விட்டுப்போகும், அதனால் வெந்நீர் பிடிக்கப் பிடிக்கப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம், பாய்லர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் கங்கு கனியும்போது கதவைச் சாத்திக் குளிக்காதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனையே கிடையாது.