ஊட்டி ஹாஸ்டலில் உல்லன் நூல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஊர் அருப்புக்கோட்டை. பி.எஸ்சி. சேர ஊட்டிக்கு வந்த ஜூன் மாதத்தில் என் பெட்டியில் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. மழைக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பக்கத்து அறை அக்கா ஒரு ஜோடி ஊசியையும் பாதி நூல் உருண்டையையும் கொடுத்தார். இப்போது எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. பின்னல் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. கீழே நான் "கண்ணி" என்று சொல்வது ஊசியில் நிற்கும் ஒரு வளையத்தை.

அக்கா, நான் முதல் வருடம். இதுவரை ஊசியையே தொட்டதில்லை. மஃப்ளரில் தொடங்கலாமா? எத்தனை நாள் ஆகும்? (சேலம், மாணவி)

தாராளமாக. ஆனால் எத்தனை நாள் என்று கேட்காதே, எத்தனை மணி நேரம் என்று கேள். கணக்கு போட்டே சொல்கிறேன். நடுத்தரக் கனமுள்ள நூல், 4 மி.மீ. ஊசி. 40 கண்ணி ஏற்றினால் சுமார் 18 செ.மீ. அகலம் வரும். எல்லா வரிசையும் நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடும் அடிப்படைக் கண்ணி) மட்டுமே போட்டால் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 600 வரிசை. ஆக 24,000 கண்ணி. புதிதாகப் பின்னும் கை நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் என்று வைத்தால் 20 மணி நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரட்டை அடிக்கும் நேரத்தில் தினம் ஒரு மணி ஒதுக்கினால் மூன்று வாரத்தில் கழுத்தில் இருக்கும்.

நூல் 150 கிராம் போதும். ஓரத்தில் குஞ்சம் கட்ட ஆசை இருந்தால் 200 வாங்கு. கறுப்பு மட்டும் வேண்டாம். ஹாஸ்டல் டியூப் லைட்டில் கறுப்புக் கண்ணி கண்ணுக்கே தெரியாது. என் முதல் மஃப்ளர் கறுப்பு, அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) என்று மாற்றிப் போட்டால் பனியன் துணி மாதிரி வழவழப்பாக வரும், பார்க்க அழகுதான். ஆனால் ஓரம் இரண்டும் அப்பளம் பொரிவது மாதிரி சுருண்டுகொள்ளும். இஸ்திரி போட்டாலும் நிற்காது. முதல் மஃப்ளருக்கு அது வேண்டாம்.

யூடியூபில் 8-ஆம் நம்பர் ஊசி என்றார்கள். கடையில் 8 கேட்டு வாங்கிப் பின்னினால் தொப்பி என் தம்பி தலைக்குக்கூடப் போகவில்லை. எங்கே தப்பு? (மதுரை, பொறியியல் மாணவர்)

தப்பு உங்கள் மேல் இல்லை. நம் கடைகளில் பல ஊசிகளுக்கு இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான். அதில் 8 என்றால் 4 மி.மீ. யூடியூபில் சொன்னது அமெரிக்கக் கணக்காக இருக்கும், அதில் 8 என்றால் 5 மி.மீ. அதைவிட மோசம், இரண்டும் எதிர்த்திசையில் ஓடுகின்றன. அமெரிக்க எண் கூடினால் ஊசி தடிக்கும், பிரிட்டிஷ் எண் கூடினால் ஊசி மெலியும். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷாவிலும் இதே கூத்து உண்டு. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்கிற கண்ணியை பிரிட்டிஷ்காரர் டபுள் குரோஷே என்பார். எந்த நாட்டு வழக்கு என்று பார்த்துவிட்டுக் கொக்கி ஊசியை எடுங்கள்.

சட்டம் படிக்கிறேன். பின்னல் ஊசிக்கும் எங்கள் பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்று சீனியர் சொன்னார். கிண்டலா, நிஜமா? (சென்னை)

நிஜம்தான்! "போனி" என்று அச்சிட்ட ஊசியை எந்தத் தையல் பொருள் கடையிலும் பார்த்திருப்பீர்கள். அது இங்கே நீலகிரியில், கேத்திப் பக்கம் இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையின் சரக்கு. 1949-இல் தொடங்கிய நிறுவனம். அதன் பங்குகள் யார் கையில் இருக்க வேண்டும் என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-இல் தீர்ப்பு வந்தது. பங்குதாரரை நசுக்குவது என்றால் என்ன என்று கம்பெனிச் சட்ட வகுப்பில் இன்றும் அந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். மலை ரயிலில் கேத்தி ஸ்டேஷன் வரும்போது பையிலிருந்து ஊசியை எடுத்து ஒரு வரிசையாவது போடுவது என் வழக்கம். காரணமெல்லாம் கேட்காதீர்கள்.

மாதிரித் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா? அது வெட்டி வேலை மாதிரி இருக்கிறது. (திருச்சி)

அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னச் சதுரம்தானே? மஃப்ளருக்கு வேண்டாம், ஸ்வெட்டருக்குக் கட்டாயம் வேண்டும். 100 செ.மீ. மார்புச் சுற்று. புத்தகத்தில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று இருப்பதால் 220 கண்ணி ஏற்றுகிறீர்கள். உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் விழுகிறது. சட்டை 110 செ.மீ. வந்து நிற்கும். இரண்டே கண்ணி வித்தியாசத்துக்கு ஒரு சுற்றுப் பெரிதான ஸ்வெட்டர். துண்டைப் பின்னி, துவைத்து, காயவைத்து, அப்புறம் அளந்து பாருங்கள். துவைக்காமல் அளந்தால் அளக்காத மாதிரிதான்.

எண்ணுவது அலுப்பு என்று இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து: இங்கே தோடர் பெண்கள் போடும் பூ வேலையை ஒரு முறை பக்கத்தில் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். துணியில் கோடு வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே முழு வடிவமும் வருகிறது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. நான் 40 வரை எண்ணுவதற்குள் போனைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குகிறவள். அவர்களைப் பார்த்த பிறகு எண்ணுவது பற்றிப் புலம்புவதை விட்டுவிட்டேன்.

பையன் பின்னினால் ரூம்மேட் எல்லாரும் கிண்டல் பண்றாங்க. (கோவை, பி.காம். இரண்டாம் ஆண்டு)

தம்பி, அவர்கள் போட்டிருக்கும் பனியனை யார் பின்னியது என்று கேள். திருப்பூரில் வட்ட நிட்டிங் மெஷின் ஓட்டுகிற அண்ணன்களைப் போய் யாராவது கிண்டல் செய்வார்களா? உன் கையில் இருப்பதும் அதே கண்ணிதான், அங்கே வேகம் கூட, அவ்வளவுதான். பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரிக்குள் தாக்கீலே என்றொரு தீவு இருக்கிறது. அங்கே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. சின்ன வயதிலேயே பையன்கள் ஊசி பிடிக்கப் பழகுகிறார்கள். யுனெஸ்கோ 2005-இல் அந்தத் தீவின் நெசவுக் கலையை மனிதகுலப் பாரம்பரியமாக அறிவித்தது.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்காதே. மார்கழிக்கு முன்னால் ஒருவனுக்கு ஒரு தொப்பி பின்னிக் கொடு. அடுத்த வாரம் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள்.

என் மகள் கல்லூரியில் பாடம் நடக்கும்போதும் பின்னுகிறாளாம். படிப்பு கெடாதா? (தஞ்சாவூர், ஒரு அம்மா)

அம்மா, நானும் செய்திருக்கிறேன், ஒருமுறை வகுப்பைவிட்டு வெளியேயும் நின்றிருக்கிறேன். கண் பார்க்காமல் கை மட்டும் போடுகிற நேர் வரிசை என்றால் காது பாடத்தில்தான் இருக்கும். எனக்கு மடியில் நூல் இருந்தால்தான் தூக்கம் வராது. ஆனால் பூ வேலை, நிறம் மாற்றுவது, சாக்ஸுக்குக் குதிகால் திருப்புவது என்றால் பாடம் போச்சு. எதைப் பின்னுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் அனுமதி இல்லாமல் செய்வது தவறு என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

எங்கள் ஊரில் குளிரே கிடையாது. நாங்கள் எதற்குப் பின்ன வேண்டும்? (சென்னையிலிருந்து இருவர், தூத்துக்குடியிலிருந்து ஒருவர்)

குளிருக்கும் பின்னலுக்கும் என்ன சம்பந்தம்? 2016 ஜனவரியில் உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் ஏறியது, 11,148.5 சதுர மீட்டர், சென்னையில்தான் விரித்தார்கள். போர்வையே தேவைப்படாத ஊரில்! அதற்குப் பின்னால் ஏகப்பட்ட பெண்கள் வீட்டில் உட்கார்ந்து சதுரம் சதுரமாகப் போட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு உல்லன் வேண்டாம், பருத்தி நூல் எடுங்கள். காய்கறிப் பை, தண்ணீர் பாட்டில் உறை, பாத்திரம் துலக்கும் துண்டு, மேஜை விரிப்பு. பருத்தி நூலுக்கு இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் இல்லை, அதனால் கை சீக்கிரம் வலிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை விரலை மடக்கி நீட்டுங்கள். பருத்தியில் ஸ்வெட்டர் மட்டும் வேண்டாம். அதன் எடைக்கே நீண்டு தொங்கி, ஒரு மாதத்தில் நைட்டி ஆகிவிடும்.

ஊட்டியில் வருடம் முழுக்க என்னதான் செய்வீர்கள்? ஜாலியாக இருக்குமா? (விருதுநகர்)

நம்ம ஊர்ப் பக்கமா! சரி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜூனில் மழை தொடங்கினால் ஆகஸ்ட் வரை துணி காயாது. அப்போது பின்னுவது சாக்ஸ் மட்டும். சின்னது, கட்டிலுக்குள் போர்வைக்கு அடியிலேயே போடலாம். இந்த மாதங்களில் நூலை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். பழைய தலையணை உறைதான் சரி, உள்ளே நான்கு கிராம்பும் ஒரு துண்டு வசம்பும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். வெயில் எட்டிப் பார்க்கும், ஞாயிற்றுக்கிழமை புல்லில் உட்கார்ந்து பின்னுவோம். சுற்றுலா வந்தவர்கள் எங்களையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

டிசம்பர்தான் எங்கள் திருவிழா. விடியற்காலையில் தலைகுந்தாப் பக்கம் புல்வெளி உப்பு கொட்டியது மாதிரி வெளுத்துக் கிடக்கும், உறைபனி. அதைப் பார்க்க ஐந்தரை மணிக்கு எழுந்து போவோம். போகிற எட்டுப் பேர் தலையிலும் நான் பின்னிய தொப்பி இருக்கும், அந்தப் பெருமைக்காகவே நான் போகிறேன். அதே மாதத்தில் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட். சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவருக்குத் தெரியாமல் பரிசு வைக்க வேண்டும். எனக்கு வரும் பிள்ளைக்கு எப்போதும் விரல் இல்லாத கையுறை. அது மட்டும் ரகசியமாக இருப்பதே இல்லை, பரிசு கிடைத்ததும் அம்மா யார் என்று ஹாஸ்டலுக்கே தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு எல்லாரும் கீழே இறங்குவோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. அந்த ஊசியில் இந்த ஊசியைப் பிடிக்காதீர்கள், வாந்தி வரும். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம் வரும்போது நாங்கள் ஊரில் வெயிலில் வெந்துகொண்டிருப்போம்.

அசல் கம்பளியா, அக்ரிலிக்கா? (ஈரோடு)

காசு இருந்தால் கம்பளி. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது, மூடுபனியில் அதுதான் கை கொடுக்கும். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையமே இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைப் பார்க்கலாம். ஆனால் ஹாஸ்டல் பக்கெட்டில் சுடுதண்ணீர் ஊற்றி அலசினால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகி பொம்மைச் சட்டை ஆகிவிடும். மாணவர் கைக்கு அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான் தோது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உருகும்.

இடது கைக்காரன் நான். எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக் கற்க வேண்டுமா? (நாகர்கோவில்)

வேண்டாம். இரண்டு கையும் வேலை செய்கிற தொழில் இது. நூலை இடது கையில் பிடித்துப் பின்னுகிற முறை ஒன்று உண்டு, ஐரோப்பாவில் பலரும் அப்படித்தான். அதை முயன்று பாருங்கள், எங்களைவிட வேகமாகப் போவீர்கள்.

பின்னியதை விற்றுச் செலவுக்குப் பார்க்கலாமா? (வேலூர்)

பார்க்கலாம், வயிறு நிறையாது. மேலே சொன்ன 20 மணி நேரத்துக்குக் கூலி போட்டு மஃப்ளர் விலை சொன்னால் வாங்குகிறவர் திபெத்தியர் கடைக்கு நடந்துவிடுவார். அங்கே மெஷின் ஸ்வெட்டர் அதைவிடக் குறைவு. குழந்தைத் தொப்பி, காலுறை மாதிரி இரண்டு மணியில் முடிவதை விற்கலாம். சிநேகிதிகளுக்கு நூலை அவர்களையே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

நூறு வரிசை தாண்டிய பிறகு நடுவில் ஒரு தப்பு கண்ணில் பட்டது. பிரிக்க மனசு வரவில்லை. என்ன செய்ய? (கரூர்)

ஒரே ஒரு கண்ணி நழுவியிருந்தால் பிரிக்க வேண்டாம். குரோஷா கொக்கியை விட்டு, அந்த ஒரு கண்ணியை மட்டும் ஏணி ஏறுவது மாதிரி படிப்படியாக மேலே தூக்கிவரலாம். பக்கத்துக் கண்ணிக்குத் தெரியவே தெரியாது. எண்ணிக்கையே தப்பியிருந்தால் பிரியுங்கள்.

என் அப்பா தறிக்காரர். விடுமுறையில் நான் பின்னுவதைப் பார்த்துவிட்டு, "பாவும் இல்லை, ஊடையும் இல்லை, ஒற்றை இழையில் என்னம்மா துணி?" என்று சிரித்தார். நுனியை அவர் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். சரசரவென்று பத்து வரிசை பிரிந்து நூலாக மடியில் விழுந்தது. மனுஷன் முகம் மாறிப்போச்சு. தறியில் ஒரு தப்பு விழுந்தால் அந்தச் சேலைக்கு விலை குறையும், தப்பு தப்புதான். இங்கே போவது நம் நேரம் மட்டும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், நாற்காலி முதுகில் சுற்றித் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் நேராகிவிடும். என் முதல் கறுப்பு மஃப்ளரைப் பிரித்துத் தொப்பி, தொப்பியைப் பிரித்து இப்போது ஒரு ஜோடி சாக்ஸ்.

அப்பாவுக்கு ஏதாவது பின்னிக் கொடுத்தீர்களா அக்கா? (சேலம், அதே மாணவி)

கொடுத்தேன், போன வருடம், சாம்பல் நிறத்தில் ஒரு மஃப்ளர். அருப்புக்கோட்டையில் அதற்கு ஏது வேலை? மார்கழியில் நான்கைந்து நாள் விடியற்காலை டீக்கடைக்குச் சுற்றிக்கொண்டு போனார். மற்ற நாளெல்லாம் தறிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. கையில் வாங்கிய அன்றைக்கே விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்து, பாதிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, "இங்கே ஒண்ணு கூடுதலா இருக்கே" என்றார். எண்ணிப் பார்த்தேன். 41.