வருஷா வருஷம் அதே பயிற்சி எதற்கு? – அபாயகரமான கழிவு கையாள்வோர் கேள்வி பதில்

ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். வருடாந்திரப் புத்தாக்கப் பயிற்சி, அதாவது ஊர் வழக்கில் ‘ரெஃப்ரெஷர்’, அதை நடத்துவதும் என் வேலை. கழிவைக் கையால் தொடுகிற வேலையில் இருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சட்ட வாசகம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகவும், உயிர் போகிற விஷயம் கேட்டவர்களுக்கு விரிவாகவும் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆபரேட்டர், ராணிப்பேட்டை: பல வருஷமா ஸ்லட்ஜ் (கழிவுக் கசடு) தொட்டியிலதான் வேலை. வருஷா வருஷம் அதே படம், அதே பேச்சு. எங்களை மாதிரி அனுபவம் உள்ளவங்களுக்கு இது எதுக்கு சார்?

அண்ணே, உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். புதிதாக வந்த பையன் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலே பத்தடி தள்ளி நிற்பான். நீங்கள் நிற்க மாட்டீர்கள். “இப்ப நாத்தம் குறைஞ்சிடுச்சு, இறங்கலாம்” என்பீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். 1 பிபிஎம்முக்கும் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். 100 பிபிஎம் பக்கம் போனால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதற்கு வாயு போய்விட்டது காரணமாக இருக்கலாம், கூடிவிட்டதும் காரணமாக இருக்கலாம். எது என்று மூக்கால் சொல்ல முடியாது. 700 பிபிஎம்முக்கு மேல் என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடலாம், கத்தக்கூட நேரம் இருக்காது.

‘அதே படம், அதே பேச்சு’ என்ற புகாரை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். புத்தாக்கப் பயிற்சி என்ற பேரில் முதல் நாள் காட்டிய ஸ்லைடையே மறுபடி ஓட்டி, கையெழுத்து வாங்கி, டீ பிஸ்கட் கொடுத்து அனுப்பினால் அதில் ஒன்றும் இல்லை. நான் வகுப்பைத் தொடங்குவது அந்த நிலையத்தின் சென்ற வருட விபத்துப் பதிவேட்டிலிருந்து. விபத்து நடக்கவில்லை என்றால், நடக்க இருந்து தப்பியவை. யார் பேரும் சொல்லாமல் “இந்த வால்வைத் திறந்தபோது என்ன ஆனது?” என்று கேட்டால் போதும், பின்வரிசை தூக்கம் கலைந்துவிடும்.

மனிதவள அலுவலர், ஓசூர் முலாம் பூசும் தொழிற்சாலை: எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது? ஆடிட்டர் 8 மணி நேரம் என்கிறார்.

அந்த 8 மணி நேரம் அமெரிக்காவிலிருந்து வந்தது மேடம். அங்கே தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அமைப்பின் விதிப்படி, மாசடைந்த இடங்களைத் துப்புரவு செய்யும் தொழிலாளிக்கு வேலைக்கு முன் 40 மணி நேரப் பயிற்சி, 3 நாள் களப்பயிற்சி, பிறகு ஒவ்வொரு வருடமும் 8 மணி நேரம். நம்முடைய 2016-ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளில், 4-ஆவது விதி, தளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தகுந்த பயிற்சி, கருவி, தகவல் மூன்றையும் கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்தை நடத்துபவருடையது என்கிறது. மணிக்கணக்கு சொல்லவில்லை. அதே 2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் தெளிவு: வேலையில் சேரும்போது ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறையாவது.

லாரி ஓட்டுநர்கள் கதை வேறு. அபாயகரமான சரக்கு ஏற்றும் உரிமம் முன்பு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் புதுப்பிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் அதை மூன்று வருடமாக்கியது. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. மூன்று வருடத்தில் ஓட்டுநர் ஏற்றும் சரக்கே மாறிவிடும்.

8 மணி நேரம் என்று வைத்தால் தாராளமாக வையுங்கள். ஆனால் ஒரே நாளில் திணிக்காதீர்கள். ஷிஃப்ட் முடித்து வந்தவர் உட்கார்ந்தபடி கேட்பது ஒரு மணி நேரம்தான்.

சூப்பர்வைசர், ஆம்பூர்: எங்ககிட்ட நாலு வாயுவை அளக்கிற கேஸ் மீட்டர் இருக்கு. இறங்கறதுக்கு முன்னாடி மேலேயே பார்த்துட்டு, ஜீரோ காட்டினா இறங்கறோம். அது போதும்தானே?

போதாது. இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்து காட்டித்தான் புரியவைப்பேன். கசடு நிற்கிற சின்னத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே காய்ந்து ஏடு கட்டியிருக்கும். மூடியைத் திறந்து, எல்லோரையும் காற்று வரும் பக்கம் நிறுத்தி, மீட்டரின் குழாயை மட்டும் நீளக் கம்பில் கட்டி உள்ளே விடுவேன். 0 காட்டும். அப்புறம் இன்னொரு நீளக் கம்பியால் அந்த ஏட்டை ஒரு குத்து. குமிழ் குமிழாகக் கிளம்பும், மீட்டர் அலறும், சில சமயம் அளவுக்கு மேலே போய் எண்ணே காட்டாது. யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள். கசட்டுக்குள் வாயு சிக்கிக் கிடக்கிறது. கால் வைத்தால், மண்வெட்டி போட்டால், தண்ணீர் பாய்ச்சினால் வெளியே வரும். இறங்குமுன் பார்த்த ஜீரோ, இறங்கிய பின் செல்லாது. ஆள் உள்ளே இருக்கும்வரை மீட்டர் அவர் மார்புப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் மேல், நடு, அடி என மூன்று உயரத்தில் பாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். வரிசை: முதலில் ஆக்சிஜன், 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 23.5-ஐத் தாண்டவும் கூடாது. அடுத்து எரியும் வாயு, பற்றும் வரம்பில் (தீப்பிடிக்கக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்த அளவு) 10 சதவீதத்துக்குக் கீழே. மூன்றாவது நச்சு வாயு. ஆக்சிஜனை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அது குறைந்திருந்தால் எரியும் வாயு காட்டும் எண்ணையே நம்ப முடியாது.

தினமும் காலையில் தெரிந்த அளவு வாயுவை மீட்டருக்குக் காட்டி, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆட்களுக்கு இந்த ‘பம்ப் டெஸ்ட்’ தெரியுமா? போன வாரம் சார்ஜ் போட்டதோடு சரி என்பதுதான் பல இடங்களில் நிலைமை.

இன்னொன்று, டேனரிக்காரர்களுக்கு மட்டும். முடி நீக்கும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்பைடு இருக்கும். அது காரமாக இருக்கும்வரை சல்பைடு தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும். தோல் பதனிடும் அடுத்த கட்டங்களின் அமிலமான பிக்கிள் தண்ணீரோ குரோம் தண்ணீரோ அதே வாய்க்காலில் வந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடாகக் கிளம்பிவிடும். உள்ளே ஆள் இருக்கும்போது மேலே தோல் உருட்டும் எந்த டிரம்மும் திறக்கக் கூடாது. வால்வை மூடினால் மட்டும் போதாது, பூட்டுப் போட்டுச் சாவியை இறங்குகிறவர் பாக்கெட்டில் வையுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளி, பேரணாம்பட்டு: கூட வேலை செய்யறவன் கண்ணு முன்னாடி விழுந்து கிடக்கிறான். பார்த்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்றீங்களா?

தம்பி, கோபம் நியாயம். இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்ல முடியாது, நடப்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. நம் ஊர் செய்தித்தாளிலும் அதே வரிசைதான் வருகிறது: முதலில் ஒருவர், அவரைத் தூக்க அண்ணன், இருவரையும் தூக்கப் பக்கத்துக் கடைக்காரர். முதல் ஆளைச் சாய்த்த அதே காற்றுதான் அடுத்தவருக்கும்.

சும்மா நிற்கச் சொல்லவில்லை, இறங்காமல் தூக்கச் சொல்கிறேன். இறங்குகிறவர் உடம்பு முழுக்கப் பிடிக்கும் பெல்ட்டோடு, கயிறு மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மேலே முக்காலி, கையால் சுற்றும் வின்ச். ஒருவர் மேலே நிற்பதற்கென்றே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது, பீடி வாங்கப் போகக் கூடாது, எது நடந்தாலும் இறங்கக் கூடாது. ஆள் சாய்ந்தால் வின்ச்சைச் சுற்ற வேண்டும், கத்தி ஆள் கூப்பிட வேண்டும், 108-க்குச் சொல்ல வேண்டும். உள்ளே போயே தீர வேண்டும் என்றால் முதுகில் காற்று சிலிண்டர் கட்டி, அதில் பழகியவர் மட்டும் போகலாம்.

பயிற்சியில் நான் அதிக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். 50 கிலோ மணல் மூட்டைக்கு பெல்ட் மாட்டி உள்ளே இறக்கிவிட்டு, வாட்ச்சைப் பார்த்தபடி தூக்கச் சொல்வேன். கொக்கி சிக்குவது, வின்ச் துருப்பிடித்திருப்பது, முக்காலியின் கால் தரையில் நிற்காமல் வழுக்குவது எல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும். மூட்டை தொங்கும்போது தெரிந்தால் பரவாயில்லை, ஆள் தொங்கும்போது தெரியக் கூடாது.

பெல்ட்டும் கயிறும் கொடுக்காமல் இறங்கு என்றால் இறங்காதே. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

வாசகர், வேலூர்: வாயு மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். தொட்டி எவ்வளவு தாங்கும், இப்போது எவ்வளவு நிற்கிறது, கழிவுக்குப் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்பதும் பயிற்சியில் வர வேண்டிய பாடம்தான்.

அதே வாசகர்: எங்கள் தளத்தில் பாதிப் பேருக்கு மேல் பீகார், வங்காளம். தமிழில் எடுத்தால் புரியுமா?

தலையாட்டுவார்கள், புரிந்திருக்காது. அவர்களுக்குள்ளேயே ஒரு மூத்தவரைப் பிடித்து, முதல் நாளே அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் அவரையே பேச வையுங்கள். தேர்வுத் தாள் வேண்டாம். மீட்டரைக் கையில் கொடுத்து “காட்டு” என்றால் போதும்.

துப்புரவுப் பணியாளர், தனியார் மருத்துவமனை, சேலம்: மஞ்சள் பையைத் தூக்கும்போது ஊசி குத்திடுச்சு. மேஸ்திரி ‘ஒண்ணும் ஆகாது’ங்கறார். என்ன செய்யணும்?

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள் அக்கா. குத்திய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம். நேராக அவசரப் பிரிவு மருத்துவரிடம் போய், ஊசி குத்தியது என்று எழுத வையுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் கேட்பார். அதைப் போட்டுவிடுவது மருத்துவமனையின் கடமை, உங்கள் செலவில்லை.

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ஊசி மஞ்சள் பைக்கு வரவே கூடாது, குத்தினால் துளையாத வெள்ளைப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். வருடப் பயிற்சிக்கு உங்களை மட்டும் உட்கார வைத்துவிட்டு, பையில் ஊசி போடுகிற டாக்டரையும் நர்ஸையும் விட்டுவிடுவதுதான் இந்தக் குத்துக்குக் காரணம்.

பழைய சாமான் வியாபாரி, அம்பத்தூர்: காலி தின்னர் டிரம்மைத்தானே வெட்டறோம், அதுல என்ன ஆபத்து? அப்புறம், ஒரு டிரம் உப்பிப்போய் நிக்குது.

நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் வெடிக்கும். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் தின்னர் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நிற்கும். கிரைண்டர் பொறி ஒன்று போதும். கழுவி ஆவி போக்கியதற்குச் சான்று இல்லாத டிரம்மை வாங்கவே வாங்காதீர்கள்.

உப்பிய டிரம்மின் மூடியைத் திருகாதீர்கள், உருட்டாதீர்கள், நிழல் வேண்டும் என்று நகர்த்தவும் போகாதீர்கள். உள்ளே ஏதோ வினை நடக்கிறது என்று அர்த்தம். ஆட்களை விலக்குங்கள், விற்றவரிடம் உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள், தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். முலாம் பட்டறைச் சரக்கு என்றால் இன்னும் கவனம்: சயனைடும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. பாதாம் வாசனை வரும் என்பார்கள், பலருக்கு அந்த வாசனையே தெரியாது.

மாஸ்க்கில் எந்த நிறம் எதற்கு? என்95 போதாதா?

என்95 தூசிக்கு. வாயுவுக்கு அது வெறும் துணிதான். ஐரோப்பிய முறை ஃபில்டரில் பழுப்பு கரைப்பான் ஆவிக்கு, சாம்பல் குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு வகைக்கு, மஞ்சள் சல்பர் டை ஆக்சைடு போன்ற அமில வாயுவுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு. அமெரிக்க ஃபில்டரில் நிறங்கள் வேறு, அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். எந்த ஃபில்டரும் ஆக்சிஜனை உண்டாக்காது, ஆகவே தொட்டிக்குள் இது எதுவும் உதவாது. தாடி இருந்தால் மாஸ்க் ஓரத்தில் ஒட்டாது. சண்டை வரும் விஷயம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மே மாத வெயிலில் முழு உடுப்பு போட முடியவில்லை, பாதியில் கழற்றிவிடுகிறார்கள்.

வேலையை விடியற்காலைக்கு மாற்றுங்கள், ஆளை மாற்றி மாற்றி இறக்குங்கள், நிழலில் தண்ணீர் வையுங்கள். வேலூர் வெயிலில் ரப்பர் உடுப்போடு மணிக்கணக்கில் நிற்கச் சொல்லிவிட்டு, கழற்றியவருக்கு மெமோ கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கழற்றும் முறைக்கும் ஒத்திகை வேண்டும்: உடுப்பைப் போட்டபடியே கழுவி, பூட்ஸ், வெளிக் கையுறை, உடுப்பு, பிறகு மாஸ்க், உள் கையுறை கடைசி. அப்புறம் கை, முகம். அதற்குப் பிறகுதான் டீ.

ஆன்லைனில் சான்றிதழ் கிடைக்கிறது. தம்பி வெளிநாட்டுக்கு முயற்சி செய்கிறான். வாங்கலாமா?

பாடத்தை ஆன்லைனில் படிக்கலாம், தப்பில்லை. ஆனால் கருவியைக் கையில் எடுத்துப் பழகுவதும், சந்தேகம் கேட்கப் பயிற்றுநர் ஒருவர் இருப்பதும் இல்லாமல் கணினிப் பாடம் மட்டும் போதாது என்று ஓஷாவே சொல்லியிருக்கிறது. பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: மாஸ்க்கை முகத்தில் மாட்டிப் பார்க்கும் நாள் எது? தேதி சொல்லவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.