ஆர்1100ஆர்டி: மாறி மாறி மின்னும் ஏபிஎஸ் விளக்குகள்

வணக்கம் நண்பரே. உங்கள் 1998 பிஎம்டபிள்யூ ஆர்1100ஆர்டி பைக்கில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்குகளும் மாறி மாறி மின்னுகின்றன, மெக்கானிக் முழு ஏபிஎஸ் யூனிட்டையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

முதல் சந்தேகம் பேட்டரி மேல். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்கினால், அதையே பழுது என்று இந்த ஏபிஎஸ் எடுத்துக்கொள்ளும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்; ஸ்டார்ட் செய்யும்போது 10-க்குக் கீழே போகக் கூடாது. இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டி, இஞ்சின் சூடானதும் அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்குகள் இரண்டும் ஒன்றாக மின்னி, வண்டி நகர்ந்ததும் அணைந்துவிட்டால், பேட்டரிதான் குற்றவாளி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அப்படி இல்லையென்றால் சக்கர சென்சார்களைத் துடைத்து, சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்துக்கும் அவற்றுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். எர்த் வயர், கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயிலை மாற்றி எவ்வளவு நாளாயிற்று? பழைய ஆயிலில் சேரும் ஈரம் யூனிட்டின் உள்பாகங்களை அரித்துவிடும். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் யூனிட் பக்கம் போங்கள், அதுவும் இந்த வேலை தெரிந்த ஆளிடம்.

ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் உங்கள் வண்டியில் சாதாரண பிரேக் பிடிக்கும். அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சர்வோ (பிரேக் அழுத்தத்தைக் கூட்டித் தரும் மோட்டார்) வைத்த 1150 ஆர்டி-க்கு எழுதிய யோசனைகளை இதில் முயல வேண்டாம், அது வேறு அமைப்பு. வோல்டேஜ் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள்.