செத்தவருக்கு என்ன வெட்கம்?

கேள்வி: என் மாமனார் போன மாதம் காலமானார். அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் மொத்த ஃபைலையும் ஜெராக்ஸ் எடுத்து அவருடைய தம்பி மகனிடம் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குள் சொத்துத் தகராறு இருக்கிறது. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால், “ஆள்தான் போய்விட்டாரே, செத்தவருக்கு என்னம்மா வெட்கம்?” என்கிறார் அங்கிருக்கும் ஊழியர். சட்டம் என்ன சொல்கிறது?
— வாசகி, விருதுநகர்

பதில்: சட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்த ‘வெட்கம்’ என்னை விட மாட்டேன் என்கிறது.

நம் ஊரில் பிணத்தைக் குளிப்பாட்டும்போது நாலு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டுவார்கள். என் அம்மா இறந்த அன்று சித்திகளும் அத்தையும் கொல்லையில் அப்படித்தான் நின்றார்கள். காற்றில் ஒரு முனை விலகியதும், அதுவரை அழுதுகொண்டிருந்த பெரிய சித்தி “ஏய், இழுத்துப் பிடிடி” என்று ஒரு அதட்டு அதட்டினாள். செத்தவளுக்கு என்ன வெட்கம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அதே நேரத்தில் வாசல் திண்ணையில் ஒரு உறவுக்காரர், ஸ்கேன் படங்கள் இருந்த மஞ்சள் பையைப் பிரித்து டிஸ்சார்ஜ் சம்மரியை நாலு பேருக்குக் கேட்க வாசித்துக்கொண்டிருந்தார். கர்ப்பப்பை எடுத்தது எந்த வருடம், மனநோய்க்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எல்லாம். அந்த மாத்திரையை அம்மா சுக்குப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள், பெற்ற பிள்ளைகள் எங்களுக்கே தெரியாமல். கொல்லையில் கட்டின மறைப்பைத் திண்ணையில் அவிழ்த்துவிட்டார் மனிதர். அவரோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

ஐசியூவில் டியூப் செருகிக் கிடப்பவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதுவும் இதே பாவம்தான். உயிரோடு இருக்கிறவர் எழுந்து வந்தாவது திட்டுவார். போனவருக்கு அந்த வழியும் இல்லை.

சரி, சட்டம். உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல அதில் அதிகம் இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்ததை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் போட்ட வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடே முடிந்துபோகிறது, வாரிசுக்கு வராது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் டாக்டரின் கடமை வேறு. நோயாளியின் உரிமை முடிந்தாலும் டாக்டர் கொடுத்த வாக்கு ஏன் முடிய வேண்டும்? உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழியில், நோயாளி இறந்த பிறகும் அவர் ரகசியத்தைக் காப்பேன் என்று 1968இலேயே சேர்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் இறந்து 50 ஆண்டுகள் வரை மருத்துவக் குறிப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நம்முடைய 2002 மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளியோ அவர் அனுமதித்த உதவியாளரோ சட்ட அதிகாரியோ கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும் என்கின்றன. தம்பி மகனை உங்கள் மாமனார் எப்போது அனுமதித்தார்? உங்கள் வழக்கின் பிடி இங்கேதான் இருக்கிறது.

பிரான்ஸ் அதிபர் மித்தெரான் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘தலைவர்கள் செத்த பிறகு எல்லாம் சரித்திரம்’ என்று என்னோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டும் ஒரு பத்திரிகை நண்பர் எப்போதும் அவரைத்தான் இழுப்பார். 1981இல் பதவிக்கு வந்த அதே ஆண்டு அவருக்குப் புற்றுநோய் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை தருவேன் என்று மக்களிடம் சொன்னவர் அதை மறைத்தார். அறிக்கை எழுதிய டாக்டர் குப்லேரும் சேர்ந்து மறைத்தார். 1996 ஜனவரி 8இல் மித்தெரான் இறந்தார். 17ஆம் தேதி, அந்த நோய் ரகசியத்தை உடைக்கும் டாக்டரின் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. நம் கணக்கில் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை! நீதிமன்றம் உடனே தடை போட்டது, அதற்குள் 40,000 பிரதிகள் விற்றுவிட்டன. 2004இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முதலில் போட்ட தற்காலிகத் தடை சரி, நிரந்தரத் தடை அதிகம் என்றது. அதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த டாக்டரை என்னால் மன்னிக்க முடியாது. மக்களுக்குத் தெரிய வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டு, அந்த மனிதர் மறுத்துப் பேச முடியாத நாளில் வாயைத் திறந்தார்.

பரம்பரை நோய் என்றால் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். சாவில் சந்தேகம் என்றால் விசாரிப்பவர் ஃபைலைப் பார்க்கத்தான் வேண்டும். அதைத் தடுப்பவன் நானில்லை. சொத்துத் தகராறுக்கு ஆவணம் வேண்டுமென்றால் தம்பி மகன் நீதிமன்றத்தில் கேட்கட்டும், நீதிபதி தேவையான பக்கத்தை மட்டும் வரவழைப்பார்.

நீங்கள் இந்த வாரமே மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். யார் கேட்டார், என்ன அத்தாட்சி காட்டினார், யார் கையெழுத்தில் நகல் போனது, இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். உங்கள் கணவரையும் கூடவே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அவர்தான் மகன்.