டியூஷனை விட்டுவிடவா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இப்போது பி.எட். முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ஆரணிப் பக்கம், அப்பா பட்டு நெசவு. தறிக்கூலியில் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முடியாது. அதனால் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை ஒரு டியூஷன் சென்டரில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். மாதம் 3,500 ரூபாய் தருகிறார்கள்.

எங்கள் மேடம் ஒருவர், "டியூஷன் எடுத்துப் பழகினால் நல்ல டீச்சராக முடியாது, பரீட்சைக்குத் தயார் செய்கிறவளாகத்தான் ஆவாய். அந்த நேரத்தில் கருத்தரங்குகளுக்குப் போ, சான்றிதழ் சேர்த்துக்கொள்" என்கிறார். கருத்தரங்குக்குப் பதிவுக் கட்டணம் 300, 500 என்று கேட்கிறார்கள். இரண்டுக்குப் போனேன். மேடையில் பேசினார்கள், கேட்டுவிட்டு வந்தேன். மனதில் எதுவும் நிற்கவில்லை. அடுத்த மாதம் கற்றல் கற்பித்தல் உபகரணங்கள் செய்வது பற்றி இரண்டு நாள் பயிலரங்கு இருக்கிறது. அதே வாரம் டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை.

என் தோழி, கல்லூரிக்கே போகாமல் பி.எட். முடிக்க வழி இருக்கிற ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டு முழுநேர வேலைக்குப் போகிறாள். அவள் செய்ததுதான் சரியோ என்று சில நாள் தோன்றுகிறது. நான் எதை விடுவது?

ம.

அன்புள்ள ம.,

டியூஷனை விட வேண்டாம். பயிலரங்குக்கும் போங்கள். தோழி போன வழி வேண்டாம். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் உங்கள் மேடம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

டியூஷன் சென்டர்கள் பெரும்பாலும் நடக்கிற விதம் உங்களுக்கே தெரியும். பள்ளியில் கொடுத்த கணக்கைப் பிள்ளை கொண்டுவருகிறது. நாம் போட்டுக் காட்டுகிறோம், அது எழுதிக்கொள்கிறது. மறுநாள் நோட்டில் டிக் விழுகிறது, வீட்டில் நிம்மதி. பரீட்சை நெருங்கினால் பழைய வினாத்தாள்கள். இதையே இரண்டு வருடம் செய்கிறவருக்கு வழிமுறையை வேகவேகமாகச் சொல்லிவிடும் பழக்கம் ஊறிப்போகும். பிள்ளை யோசிக்க எடுத்துக்கொள்ளும் அரை நிமிடத்தைக்கூட அவரால் பொறுக்க முடியாது. உங்கள் மேடம் பயப்படுவது இதற்குத்தான். நியாயமான பயம்.

அப்படியிருந்தும் நான் விட வேண்டாம் என்பதற்குக் காரணம், உங்கள் வகுப்பில் பலருக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதே பிள்ளைகளை ஆண்டு முழுவதும் தினமும் பார்க்கிறீர்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளிப் பயிற்சி 20 வாரம், முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் பயிற்சிக்குப் போகிற இடத்தில் நீங்கள் விருந்தாளி. வகுப்பாசிரியர் ஒதுக்கித் தருகிற பாடத்தை நடத்துவீர்கள், மேற்பார்வைக்கு ஆள் வருகிற அன்று சார்ட் தொங்கும், பிள்ளைகளும் அன்றைக்கு அடக்கமாக இருப்பார்கள். ஜூன் மாதம் சொல்லிக்கொடுத்த பின்னம் அடுத்த பிப்ரவரியில் அந்தப் பிள்ளையின் தலைக்குள் என்னவாக இருக்கிறது என்று பார்க்க 16 வாரம் போதாது. நீங்கள் அதை மாலை ஐந்தரை மணிக்குப் பார்க்கிறீர்கள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறீர்கள்.

ஆகவே வேலையை விடுவதற்குப் பதில், செய்கிற விதத்தை மாற்றுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். கல்லூரி ரெக்கார்டு போல அட்டை போட்டுக் கலர் பேனாவில் தலைப்பு எழுத வேண்டாம், சாதாரண நோட்டு போதும். தினமும் ஒரே ஒரு தப்பான கணக்கை, பிள்ளை போட்டபடியே அதில் எழுதுங்கள். பக்கத்தில் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டபோது அந்தப் பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்கள் திருத்திச் சொல்லிக்கொடுத்ததை எழுத வேண்டியதில்லை.

52இல் 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிற பிள்ளை உங்களிடம் கட்டாயம் இருக்கும். கேட்டால், "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்று சொல்லும். 94இல் 38ஐக் கழிக்கச் சொல்லுங்கள், 64 என்று எழுதும். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னதைப் பிள்ளை ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்திக்கொண்டு ஒரு விதியே வைத்திருக்கிறது. அந்த விதியை ஒரு தடவைகூட மீறவில்லை. சிவப்பு மையால் சுழித்துவிட்டுச் சரியான முறையை மறுபடி போட்டுக் காட்டினால் அதன் விதி அசையாது. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து தீக்குச்சிக் கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, இதிலிருந்து 27 குச்சி எனக்குக் கொடு என்று கேட்டால், ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும் என்பது அதன் கைக்கே தெரிந்துவிடும்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இல் அமெரிக்காவில் இதைப் பற்றியே விரிவாக எழுதினார்கள். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் பெரும் பகுதி ஒழுங்கான, கண்டுபிடிக்கக்கூடிய தவறுகள் என்று காட்டினார்கள். 'பகி' என்று ஒரு கணினி விளையாட்டும் செய்தார்கள். கணினி ஒரு குறிப்பிட்ட தவறை வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரிக் கணக்குப் போடும். ஆடுகிறவர் புதுப்புதுக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்து, உள்ளே இருக்கிற தவறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை அவர்கள் ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவர்கள் கணினி வைத்துச் செய்த பயிற்சிக்கு உங்களிடம் நிஜப் பிள்ளைகள் இருக்கிறார்கள். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 35 பெரியது என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர், ஏன் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 எழுதுகிறவர்களை மேலே மேல், கீழே கீழ் என்று கூட்டவைத்தது எது என்று கேளுங்கள். ஒரு பருவம் முடியும்போது உங்கள் நோட்டு, எந்தப் பாடநூலிலும் கிடைக்காத ஒரு புத்தகமாக இருக்கும்.

கருத்தரங்குக்கு வருகிறேன். மனதில் எதுவும் நிற்கவில்லை என்றீர்கள், அதில் உங்கள் குறை எதுவுமில்லை. அந்த மாதிரிக் கூட்டங்கள் பல, மாணவரை மனதில் வைத்து நடத்தப்படுவதே இல்லை. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பு, எத்தனை கருத்தரங்கு, எத்தனை பயிலரங்கு நடத்தினீர்கள் என்று கணக்குக் கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த விதிகளில் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை வாசிப்பும் புள்ளியாகச் சேர்ந்தது. அதன் பிறகு கருத்தரங்குகள் பெருகின. 2020 பொதுமுடக்கக் காலத்தில் இணையத்திலேயே நடந்தன. கூகுள் படிவத்தில் சில கேள்விகளுக்கு விடை சொன்னால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. உங்களுக்கு இந்தச் சான்றிதழ்களால் என்ன பயன்? அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் வேலைக்குத் தகுதித் தேர்வும் அதற்கு மேல் போட்டித் தேர்வும்தான் வழி. கருத்தரங்குச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. 500 ரூபாய் உங்கள் ஏழில் ஒரு பங்கு சம்பளம். கட்டாயம் என்று கல்லூரி சொன்னால் கட்டணத்தைக் கல்லூரியே கட்டட்டும் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் வசூலித்து மேடை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, இதை நான் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதற்காகக் கருத்தரங்கே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தலைப்பு உங்கள் பாடத்தைத் தொட்டால், பேசுகிறவர் உண்மையாகவே பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர் என்றால் போங்கள். போகும்போது நோட்டிலிருந்து ஒரு கேள்வியோடு போங்கள். "என் மாணவர்களில் பாதிப் பேர் 0.35ஐப் பெரியது என்கிறார்கள், நீங்கள் இதை எப்படிக் கையாண்டீர்கள்?" என்று எழுந்து கேட்டால் அந்த அறையில் பேச்சே மாறிவிடும். பேச்சாளரிடம் பதில் இல்லாவிட்டாலும் இடைவேளையில் யாராவது ஒரு பள்ளி ஆசிரியர் உங்களைத் தேடி வருவார். உங்களுக்கு வேண்டியவர் அவர்தான்.

பயிலரங்கு வேறு. கை வேலை செய்கிற இடம் என்பதால் எனக்கு அதன்மேல் தனி அன்பு உண்டு. 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் நடத்திய பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். மாண்டிசோரி பயிற்சியில் சொற்பொழிவு ஒரு பகுதிதான். பிள்ளைகள் கையாளப்போகிற ஒவ்வொரு பொருளையும் பயிற்சி பெறுகிறவர் தானே திரும்பத் திரும்பக் கையாண்டு, அதைப் பற்றித் தன் கையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்த ஹோஷங்காபாத் அறிவியல் திட்டமும் அப்படித்தான். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் தங்கி, பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளைப் பிள்ளைகளைப் போலவே குழுவாக உட்கார்ந்து செய்தார்கள். பிறகு மாதாமாதம் கூடி, வகுப்பில் என்ன நடந்தது என்று பேசினார்கள். மாநில அரசு 2002இல் அதை நிறுத்தியது இந்தியக் கல்விக்குப் பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். நான் முக்கியமாக நினைப்பது அந்த மாதாந்திரக் கூட்டத்தைத்தான். செய்து, வகுப்பில் போட்டுப் பார்த்து, மறுபடி வந்து பேசுகிற வாய்ப்பு இருந்தால்தான் பயிலரங்கு உள்ளே இறங்கும்.

உங்கள் இரண்டு நாள் பயிலரங்கில் மறுபடி கூடுவது அநேகமாக இருக்காது. அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். தெர்மோகோலில் அழகாக ஒன்று செய்து கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் டியூஷன் பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் சிக்கல் என்று தெரியுமே, அதற்கு ஒரு பொருளைச் செய்யுங்கள். தசமத்துக்கு நூறு கட்டம் போட்ட தாள் போதும், 35 கட்டத்துக்கு ஒரு வண்ணம், நான்கு முழு வரிசைக்கு இன்னொரு வண்ணம். பரீட்சை முடிந்த வாரம் அதைச் சென்டரில் பயன்படுத்திப் பாருங்கள், நடந்ததை நோட்டில் எழுதுங்கள், பிறகு பயிலரங்கு நடத்தியவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். விடுப்பைப் பொறுத்தவரை, சென்டரில் இப்போதே சொல்லி அந்த இரண்டு நாள் வகுப்பை முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்பே படித்தமாதிரியும் ஆயிற்று.

மைக்ரோ டீச்சிங், அதாவது உடன் படிக்கிறவர்களையே பிள்ளைகளாக வைத்துச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது, அது பற்றியும் சொல்லிவிடுகிறேன், முதலாம் ஆண்டில் அது வரும். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, பன்னிரண்டு நிமிடம் திருத்தித் திட்டமிடுதல், மறுபடி ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, ஆக 36 நிமிடம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பல இடங்களில் முதல் ஆறு நிமிடத்தோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை ரெக்கார்டில் எழுதிக்கொள்கிறார்கள். மறுபடி நடத்துகிற அந்த ஆறு நிமிடத்தில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று நான்கு தோழிகள் சேர்ந்துகொண்டு அதை விடாமல் செய்யுங்கள்.

இனி உங்கள் மேடத்துக்கும் அவரைப் போன்றவர்களுக்கும். மாணவர் வேலை செய்து படிப்பதைக் கல்வியியல் கல்லூரிகள் ஒரு குறையாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை ஆரம்பித்து, உழைத்துக்கொண்டே படிப்பதை ஒரு கல்வி முறையாகவே வளர்த்தார். அமெரிக்காவில் 1964 முதல் ஏழை மாணவருக்குக் கல்லூரி வழியாகவே வேலை கொடுத்து, சம்பளத்தின் பெரும் பகுதியை அரசு தருகிறது. 1997இலிருந்து, சிறுபிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருகிற மாணவர் என்றால் சம்பளம் முழுவதையும் அரசே தரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நம்மிடம் 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தத் தொகை மிகக் குறைவு, ஆனால் திசை சரி. ஒவ்வொரு பி.எட். கல்லூரியும் பக்கத்து அரசுப் பள்ளியில் மாலை வகுப்பு ஏற்பாடு செய்து, தேவையுள்ள மாணவருக்குக் கௌரவமான சம்பளம் கொடுத்து, வாரம் ஒரு மணி நேரம் அந்த அனுபவத்தையே வகுப்பில் பேசுபொருளாக வைத்தால், நீங்கள் 3,500 ரூபாய்க்கு வினாத்தாள் தயார் செய்கிற இடத்துக்குப் போக வேண்டியிருக்காது. நோட்டில் சில பக்கங்கள் சேர்ந்ததும் உங்கள் மேடத்திடம் காட்டுங்கள். அவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், பார்த்தால் மனம் மாறும் என்று நம்புகிறேன்.

தோழி விஷயம். அவர் வீட்டுக் கஷ்டம் என்னவென்று எனக்குத் தெரியாது, அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வருகைப் பதிவேட்டை விலைக்கு விற்கிற கல்லூரிகளைத்தான் சொல்ல வேண்டும். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை ஏமாற்றி வெளியே வருகிறவர் முன்னால் நாளைக்கு நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. இரண்டாம் ஆண்டின் 16 வாரமும் நாள் முழுக்கப் பள்ளியில் இருப்பீர்கள், இரவில் பாடக்குறிப்பு எழுத வேண்டும். அந்த மாதங்களில் சென்டரில் ஒரு மணி நேரமாகக் குறைத்துக் கேளுங்கள். சம்பளம் குறையும், அதற்கு இப்போதிருந்தே மாதம் ஐந்நூறு எடுத்து வையுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். அப்புறம், அரசு வேலை கிடைத்ததும் டியூஷனை நிறுத்திவிட வேண்டும். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பணியில் இருக்கும் ஆசிரியர் தனி வகுப்பு எடுப்பதைத் தடை செய்கிறது. மாணவியான உங்களுக்கு இப்போது அந்தத் தடை இல்லை, தயக்கமில்லாமல் போய் வாருங்கள்.