வாடகை வருமே என்று இன்னொரு ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. முதலீடாக இருக்கட்டும் என்று பூந்தமல்லி பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் 900 சதுர அடி ஃபிளாட் பார்த்திருக்கிறேன். விலை 60 லட்சம். 48 லட்சம் லோன் கிடைக்கும். வாடகையிலேயே இ.எம்.ஐ. கட்டிவிடலாம் என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
- வாசகர், ஆவடி

பதில்: நம்பாதீர்கள், கணக்குப் போடுங்கள். 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 41,600 ரூபாய். வாடகை 15,000 வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 26,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். அதுவும் கட்டி முடித்து, சாவி கொடுத்து, ஆள் குடிவந்த பிறகு. அதுவரை வட்டி மட்டும் ஓடும். கட்டுமானத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு அது கிடையாது. பத்திரச் செலவு தனி.

வரி மிச்சமாகுமே என்பார்கள். புதிய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், வாடகைக்கு விட்ட வீட்டில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

ஆக, இந்த முதலீட்டை வாடகை தாங்காது. விலை ஏறினால்தான் உண்டு. ஏறுவது நிலத்தின் விலை. கட்டடத்துக்கு வயதாகிக்கொண்டே போகும். அதனால் சதுர அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் யு.டி.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். அதாவது, மொத்த மனையில் உங்கள் பெயருக்குக் கிரயமாகும் பிரிபடாத பாகம். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 4,800 சதுர அடி கட்டினால் 900 சதுர அடி வீட்டுக்கு 450 சதுர அடி நிலம் வரும். அதே மனையில் அதன் பரப்பைப்போல மூன்றே கால் மடங்கு, அதாவது 7,800 சதுர அடி கட்டினால் 277 அடிதான். இரண்டு வீட்டுக்கும் விலை ஒன்றுபோல இருந்தாலும் நீங்கள் வாங்கும் சொத்து ஒன்றல்ல.

இதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையென்றால் திறந்தவெளிக்காக 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தது போக மிச்சமுள்ள நிலத்தில்தான் பாகம் பிரிக்க வேண்டும். வரைவுப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் மொத்த நிலம் எவ்வளவு, உங்கள் பாகம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தையும் வரைபட அனுமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா வீடுகளின் பாகத்தையும் கூட்டினால், தானம் கொடுத்தது போக உள்ள மொத்த நிலம் வர வேண்டும். பில்டர் தன் பெயரில் மிச்சம் வைத்திருந்தால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். 900 அடி வீட்டுக்கு 250 அடி நிலம்கூட வரவில்லையென்றால், குடியிருக்க வாங்கலாம். முதலீடாக நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: புக்கிங் செய்யும்போதே 20 சதவீதம் கேட்கிறார்கள். அக்ரிமென்ட் அப்புறம் போடலாமாம். கொடுக்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கொடுக்காதீர்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். மனை 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் எட்டுக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அந்த மாதிரி சின்னக் கட்டடங்களில்தான் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் ஃபிளாட்டை அவருடைய பவர் ஏஜென்ட் விற்கிறார். பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், மதுரை

பதில்: பவரைப் பாருங்கள், அதாவது தன் சார்பில் செயல்பட உரிமையாளர் ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை. விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா, ரத்து செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்தது. அதனால்தான் பதிவின்போது உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள். ஒரு வீடியோ காலில் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி, என்ன விலைக்கு விற்கிறார் என்று அவர் வாயால் கேளுங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் என்ற சாதாரண டி.டி.எஸ். (வாங்குபவர் விலையிலிருந்து பிடித்துக் கட்டும் வரி) கணக்கு பொருந்தாது, அதைவிடக் கூடுதலாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.