கட்சி நீக்கினால் எம்.பி. ஆசனம் அன்றைக்கே காலியாகுமா?

இல்லை. இலங்கை அரசியலமைப்பின் 99(13) உறுப்புரைப்படி ஒரு மாத அவகாசம் உண்டு, அதற்குள் அவர் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் போனால், நீக்கியது செல்லும் என்று தீர்ப்பு வந்த பிறகுதான் ஆசனம் வறிதாகும். எங்கள் மட்டக்களப்பிலேயே நடந்ததுதானே! முஸ்லிம் காங்கிரஸ் நீக்கிய நசீர் அஹமட், அமைச்சராக இருக்கும்போதே, 2023 ஒக்டோபர் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தார். இடைத்தேர்தல் வைக்கவில்லை, அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் (பட்டியலிலுள்ள வேட்பாளர்களுக்குத் தனித்தனியே போடும் வாக்கு) அடுத்து இருந்த அலி ஸாஹிர் மௌலானா உள்ளே போனார். வாக்குப் போட்ட எங்களை யாரும் திரும்பக் கேட்பதில்லை, எனக்கு அதுதான் மனவருத்தம்.

மற்றக் காரணங்கள் 66ஆம் உறுப்புரையில் இருக்கின்றன, அவற்றில் சில: மரணம், செயலாளர் நாயகத்துக்கு எழுதிக் கொடுக்கும் இராஜினாமா, தகுதியிழப்பு, அப்புறம் சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 3 மாதம் அமர்வுக்கு வராமல் இருப்பது.